நடக்கிறவர்களுக்காகச் செய்த டாங்கி

இரண்டாம் உலகப் போரை ஜெயித்தது என் மாமனார்தான் என்பது எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர்கள் சும்மா கூட நின்றார்கள். மாமா ஓட்டிய டாங்கி பர்மாவில் இறங்கியது, ஜப்பான்காரன் மண்கோட்டையை விட்டு ஓடினான், அவ்வளவுதான் விஷயம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் இந்தக் கதையை எடுத்தார் என்றால், கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிடுவார். இனி அரைமணி நேரத்துக்கு வியாபாரம் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

நான் எட்டாவது வரை படித்தவன். பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், பேக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சாயங்கால ஜெபமாலையை நடத்துவதும் நான்தான். அதனால் இங்கே எழுதுவதெல்லாம் ஆண்டவர் அறிய உண்மை. மாமா சொன்னதை மட்டும் மாமா சொன்னதாகவே எழுதுகிறேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த டாங்கிக்கு வாலண்டைன் என்று பெயராம். அரசாங்கம் அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லையாம். இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே படம் வரைந்து கொண்டுபோய் நீட்ட, சண்டை நெருங்கிய அவசரத்தில் சரி, செய்யுங்கள் என்றார்களாம். சின்ன உடம்பு, கெட்டித் தோல். முன்தகடு மட்டும் இரண்டரை அங்குல இரும்பு. ஓட்டுகிறவர் கீழே தனியாக, முழங்கால் தாடையில் இடிக்க உட்கார வேண்டும். மேலே சுழலும் கூண்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் அதிகாரி. அவர்தான் வழி பார்க்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும், பீரங்கிக்குக் குண்டையும் அவரே எடுத்துப் போட வேண்டும்.

"நம்ம கண்டக்டரய்யா மாதிரின்னு சொல்லுங்க" என்பான் டிராக்டர் டிரைவர். எங்கள் எஸ்டேட்டில் கண்டக்டர் என்றால் மலைவேலைக்கு மேற்பார்வை பார்க்கிறவர்.

"அவரு எங்கலே குண்டத் தூக்கினாரு? அவருக்கு எல்லாம் வாயிலதான்."

"பீரங்கி எம்புட்டுப் பெருசு மாமா?"

"ரெண்டு பவுண்டு குண்டு."

"ரெண்டு பவுண்டா? ஒரு கிலோகூடத் தேறாதே! எம் பொண்டாட்டி மாவாட்டுற குழவி அதவிடக் கனம்."

"குழவிதாம்லே அது. இரும்புக் குழவி. எதிரி டாங்கியில பட்டா ஓட்ட போட்டுட்டுப் போவும். மண்ணுக்குள்ள பதுங்கிக் கிடக்கவன் மேல போட்டா பொத்துன்னு போய் மண்ணுல சொருகிக்கிடும். வெடிக்காது."

"அப்ப ஜப்பான்காரன் எதுக்கு ஓடுனான்? மாமா மூஞ்சியப் பாத்தா?"

இந்த இடத்தில் மாமா டீயை உறிஞ்சுவார். அவன் எதற்கு ஓடினான் என்பது கதைக்குக் கதை மாறும். மாறாதது ஒன்றுதான். "அது காலாள் டாங்கிலே. நடந்து வாற சிப்பாய்க்குத் தொணையாப் போறதுக்குன்னே செஞ்சது. ரோட்டுல பதினஞ்சு மைலு. காட்டுல அதுல பாதிதான். அவன் நடையில இது போவும், இது மறைவுல அவன் வருவான்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். நான் அதைக் கவனித்திருந்தேன். ஆனால் பெரிதாக நினைக்கவில்லை.

எங்கள் கோவில் செபஸ்தியார் கோவில். ஜனவரியில் திருநாள். புனிதரின் சொரூபத்தைக் கொழுந்து ஏற்றுகிற டிரெயிலரில் மேடை கட்டி நிறுத்தி, டிராக்டரில் பூட்டி, எஸ்டேட்டைச் சுற்றி வந்து கோவிலில் சேர்ப்போம். அதுதான் எங்களுக்குத் தேர். நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையை ஒரு கொழுந்துக் கூடையில் துணி மெத்தை போட்டுக் கிடத்தி, கூடையைப் புனிதரின் காலடியில் கட்டிவிடுவார்கள். தாய் பக்கத்திலேயே டிரெயிலரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தேர் கோவில் வாசலில் நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் நேர்ச்சை பாதியில் விட்டது போல.

ஒரு வருடம் என்ன நடந்தது என்றால், நம் டிராக்டர் டிரைவருக்கு மெதுவாக ஓட்ட வரவில்லை. நாங்கள் ஜெபமாலையின் ஐந்து தேவரகசியங்களில் இரண்டாவதில் இருக்கும்போதே புனிதர் பேக்டரி முற்றத்துக்குப் போய்விட்டார். நாங்கள் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது, செபஸ்தியார் தனியாக நிற்க, ஒரு பசுமாடு அவர் மாலையைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. கூடையில் பிள்ளையை வைத்திருந்த பெண் செருப்பில்லாத காலோடு தேரின் பின்னால் அழுதுகொண்டே ஓடியதை எல்லோரும் பார்த்தோம். நானும் சிரித்தேன். ஆண்டவர் அதைக் குறித்து வைத்துக்கொண்டார் போலும்.

அடுத்த வருடம், அதாவது எமர்ஜென்சிக்கு முந்தின வருடம், கூடையில் கிடக்க வேண்டியது என் மகள்.

எட்டு வருடம் காத்திருந்து பிறந்தவள். என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நாலு மாதம் ஆகியும் அவளால் லயத்துப் படியை ஒரே மூச்சில் ஏற முடியாது. தேர் ஓடினால் அவளால் கூட ஓட முடியாது. கையை விட்டால் நேர்ச்சை போச்சு. கையை விடாமல் இழுபட்டால் அவளே போச்சு. இரண்டு வாரமாக மாமாவிடம் இதையே புலம்பினேன்.

மாமா பட்டாளத்திலிருந்து வந்து இருபது வருடம் இதே எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். "நான் ஓட்டுதேன் மாப்ள" என்றார். "நடக்கிறவங்களோட போறதுக்கு எனக்குத் தெரியும்."

பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போனேன். அவர் கோட்டயம் பக்கத்து மலையாளி, நல்லவர், அவசரக்காரர். மாமா தன் தகுதியை விளக்க டாங்கியிலிருந்து ஆரம்பித்தார்.

"வாலண்டைனோ? அது புண்யாளன் பேரல்லே?" என்று, புனிதர் பெயராயிற்றே என்கிற ஆச்சரியத்தில், சாமியார் நிமிர்ந்தார். "பீரங்கி வண்டிக்கு யாரு இந்தப் பேரு வச்சது?"

"ஒரு சார்ஜண்டு, படத்தக் கொண்டுபோய்க் குடுத்த அன்னிக்கு அவரு திருநாளுன்னாரு சாமி. இன்னொரு சார்ஜண்டு அது பொய்யின்னாரு. ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டாங்க."

"செபஸ்தியாரும் பட்டாளக்காரனானு" என்று சாமியார் சிரித்தார். "சரி, ஓட்டிக்கோ. பசு வராதே நோக்கிக்கோ."

சாமியார் சம்மதித்துவிட்டார். மாமாவின் மகள் சம்மதிக்கவில்லை.

அன்று மத்தியானம் பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்பா, ஒங்க வாயில வாறதுல பாதிக்கு மேல பொய்யி. சின்னதுலருந்து கேக்கேன். ஒரு தரம் டாங்கிய ஆத்துல நீந்தவிட்டேன்னீக. ஒரு தரம் ஜப்பான்காரன் ஒங்களுக்கு சலாம் போட்டான்னீக. சிரிச்சிக்கிட்டுப் போயிட்டேன். இப்பம் எம் பிள்ளய அந்தக் கூடையில வைக்கப் போறேன். நீங்க நெசமா அத ஓட்டுனீகளா, இல்லையா?"

மாமா வாசலில் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவிய வெற்றிலையை மடிக்கவில்லை.

"ஓட்டுனேன். சண்டையில ஓட்டல."

பிறகு கீழே பார்த்தபடி சொன்னார். அவர் இருந்தது ரிப்பேர் பட்டறையில். டாங்கியில் சண்டை போட்டவர்கள் வேறு ஆட்கள். கெட்டுப்போன டாங்கியைச் சரிசெய்ததும் அதைக் காட்டுவழியே கொண்டுபோய் முன்னால் இருப்பவர்களிடம் ஒப்படைப்பதுதான் அவர் வேலை. ஒருநாள் அப்படிக் கொண்டுபோனபோது, வழி காட்ட நாலு சிப்பாய்கள் முன்னால் நடந்தார்கள். வழி ஓர் ஓடைக்கரையோடு, எல்லாம் சேறு. மூங்கில் கம்பால் தரையைக் குத்திப் பார்த்து, வா வா என்று கையசைப்பார்கள், இவர் ஊர்ந்து போவார். நடுவில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, இப்படி நகர்ந்தால் விடிந்துவிடும், வேகமாகப் போ என்று கத்தினார்.

"நானும் அவனுக முன்னால கெத்துக் காட்டணும்னு நெனச்சேன். நடந்தவனுகள விட்டுட்டு முந்திப் போனேன். கரை இடிஞ்சு ஓடைக்குள்ள தலைகுப்புற எறங்கிட்டு. பதினாறு டன்னு. யானையக் கொண்டாந்தாலும் வராது."

"அதுக்கப்புறம்?"

"அத நம்பி ஒரு கம்பெனிக் காலாளுக, நூறு பேருக்கு மேல, காத்துக் கெடந்தாங்க. காலையில அது இல்லாமலே நடந்து போனாங்க. எல்லாம் சின்னப் பயலுக. என்னக் கடந்துதான் போனாங்க. ஒருத்தன் எனக்குப் பீடி குடுத்துட்டுப் போனான்." மடிக்காத வெற்றிலையைத் தரையில் வைத்துவிட்டு, "சாயந்தரம் அவன் வரல. ரொம்பப் பேரு வரல" என்றார்.

அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்கள எப்பவோ நம்பியிருப்பேன்லா" என்றாள். "நீங்களே ஓட்டுங்க."

திருநாளன்று மத்தியானம் தேர் கிளம்பியது. மகிமைத் தேவரகசியங்களை நான் தொடங்கினேன். டிராக்டர் பெண்களின் நடையில் போனது. முன்னால் சிறுமிகள் பூப் போட்டுக்கொண்டு நடந்தார்கள், பின்னால் நாங்கள், பக்கத்தில் என் மனைவி ஒரு கையை டிரெயிலரில் வைத்தபடி. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். டிராக்டர் டிரைவர் கூடவே நடந்து வந்து, "மாமா, நத்தை ஓவர்டேக் பண்ணப் பாக்குது, வழி விடுங்க" என்றான்.

டிஸ்பென்சரி இறக்கத்தின் தலையில் மூடுபனி இறங்கிவிட்டது. கீழே சாலை செங்குத்தாக வளைந்து போகும். கல்லெல்லாம் ஈரம். டிராக்டர் இரண்டடி இறங்கியதும் டிரெயிலர் பின்னாலிருந்து அதைத் தள்ளியது. புனிதர் ஒருமுறை ஆடி நின்றார். மாமா பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

சாமியார் குடையோடு ஓடிவந்தார். பிரசங்கத்துக்கு வந்திருந்த வெளியூர்ச் சாமியார் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "போ, வேகம் போ! அச்சனுக்கு பஸ் போயிடும்!"

"என்ன மாமா, ஜப்பான்காரன் நிக்கானா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார். சீட்டின் மேல் ஏறி நின்றார்.

"எனக்குப் பயமா இருக்குவே" என்றார். "நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான் பர்மாவுல ஒரு குண்டு சுட்டதில்ல. எவனையும் வெரட்டுனதில்ல. சீக்கிரம் போன்னு ஒருத்தர் சொன்னாருன்னு டாங்கியக் கொண்டுபோய் ஓடையில கவுத்தவன் நான். மண்கோட்ட கதயெல்லாம் பொய்யி. இன்னிக்கி மேல எம் பேத்தி கெடக்கா. கீழ எம் மக நடக்கா. தள்ளுற வண்டிய இந்த எறக்கத்துல என்னால தனியாப் பிடிக்க முடியாது. பேக்டரியில வடக்கயிறு இருக்கு. எடுத்தாந்து பின்னாலருந்து பிடிங்க."

கயிறெடுக்க ஆட்கள் பேக்டரிக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவன் டிராக்டர் டிரைவர்தான்.

எல்லா ஊரிலும் தேரை முன்னாலிருந்து இழுப்பார்கள். எங்கள் ஊரில் பின்னாலிருந்து இழுத்தோம். பன்னிரண்டு பேர், குதிகாலை மண்ணில் ஊன்றி, புனிதரைப் போகவிடாமல் பிடித்துக்கொண்டு, ஓர் அடிக்கு ஓர் அருள்நிறை மரியே என்று இறங்கினோம். என் கை இரண்டும் கயிற்றில் இருந்ததால் ஜெபமாலையை விரலில் எண்ண முடியவில்லை, பத்துக்குப் பதிலாகப் பதிமூன்று பதினாலு போயிருக்கும். மாதா மன்னிப்பாள். மகிமை ஐந்தும் இறக்கத்தின் பாதியில் தீர்ந்துபோய், சந்தோஷத் தேவரகசியங்களைத் தொடங்கி, அவையும் தீர்ந்து, துக்கத் தேவரகசியங்களில் ஐந்தாவதைச் சொல்லும்போது தேர் கோவில் வாசலில் நின்றது. போன வருடம் செபஸ்தியார் எங்களை முந்தினார். இந்த வருடம் நாங்கள் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் மூன்று முறை சொல்லி அவரை முந்திவிட்டோம்.

என் மனைவி அப்போதுதான் கையை எடுத்தாள். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நான்தான் நிமிர்த்திவிட்டேன். கூடையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குள்ளிருந்து ஒழுகி, புனிதரின் இரு பாதங்களும் நனைந்திருந்தன. கோவில் வேலைகளைக் கவனிக்கிற கோவில்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார்.

பஸ் போய்விட்டது. வெளியூர்ச் சாமியார் அதற்கான தண்டனையை மறுநாள் காலைப் பூசையில் எங்களுக்குத் தந்தார். பிரசங்கம் ஒரு மணி நேரம். அந்தப் பூசை யாருக்காக என்கிற கருத்தை எழுதிக் கொடுத்திருந்தவள் என் மனைவி. நடந்து போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் ஆத்துமங்களுக்காக என்று சாமியார் பீடத்தில் வாசித்தார். எந்தப் பிள்ளைகள் என்று யாரும் கேட்கவில்லை. மாமா முழங்காலில் இருந்தவர், எல்லோரும் எழுந்த பிறகும் எழவில்லை.

அதன்பின் டீக்கடையில் மண்கோட்டைக் கதை நின்றுபோனது. கடைக்காரர் நிம்மதியாக இருந்தது ஒரு வாரம்தான். எட்டாம் நாள் நான் போனபோது அடுப்பு தணிந்திருந்தது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து டிஸ்பென்சரி இறக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் அது ஒரு மைல் நீண்டிருந்தது, கயிறு பிடித்தவர்கள் நாற்பது பேர் ஆகியிருந்தார்கள்.

"மாப்ளயும் இருந்தாரு, கேட்டுப் பாருங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பன்னிரண்டு பேர்தான் என்று ஆண்டவருக்கும் எனக்கும் தெரியும். நாற்பதுக்குக் குறையாது என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டீ கேட்டேன்.