அக்கா வைத்த பச்சைப் புள்ளி

அக்கா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. நாலு பேர் முன்னால் பேச வராத என்னிடம், இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அக்காவின் கணவரான மாமா கொடுத்தார்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூரில் அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை நிறுத்தி, நடவு வேலைக்குப் போய் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். வயல்கள் தொழிற்சாலைகளானபோது ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். சோதனைப் பிரிவு, இருட்டறை. இரும்புப் பாகத்தின் மேல் ஒளிரும் பொடி கலந்த நீரை ஊற்றி ஊதா விளக்கில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பச்சைக் கோடாக மின்னும். விரிசல் இல்லாததில் அக்கா பெயிண்ட் பேனாவால் பச்சைப் புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத பாகம் லாரி ஏறாது.

மார்பில் வந்த கட்டி வலிக்கவில்லை என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது.

அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து கொஞ்சம் ரத்தம் கேட்டார். புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலந்திருக்குமாம். எடுத்த ரத்தத்தில் கலக்கும் மிக நுண்ணிய துகள்கள் அவற்றைப் பிடித்ததும் ஒளிருமாம். கட்டி தெரியும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கத்தான் இந்த முயற்சி என்றார்.

அக்கா சிரித்தார். “நாங்களும் அதாம்மா பண்றோம், இரும்புல. எனக்குத்தான் லேட்டா லைட் அடிச்சிட்டாங்க. இதோ குந்திகினு கீறா பாரு என் தங்கச்சி, அவளுக்குப் பாத்துச் சொல்லு.”

“இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. இத வச்சு அவங்களுக்கு எதுவும் சொல்ல முடியாது. இப்போதைக்கு மார்பகப் பரிசோதனைக்கு அனுப்புங்க.”

கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டே அக்கா என்னைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றேன்.

“நானும் கூச்சப்பட்டுத்தான் இங்க வந்து படுத்துகினு கீறேன். எழுந்து போடி.”

போனேன். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா தம் பையிலிருந்த பெயிண்ட் பேனாவை எடுக்கச் சொல்லி, என் மணிக்கட்டில் புள்ளி வைத்தார். “ஓகே. இத லாரில ஏத்தலாம்.”

அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய செவிலியர்களுக்கும், ஷிப்ட் முடிந்த கையோடு வந்து ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், இறுதிவரை உடனிருந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரை வாங்கிய பெண்கள் அனைவரும் ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வாருங்கள். இந்த ஆண்டு நான் தனியாகவே போய் வந்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் சொன்னேன். கொஞ்ச நேரம் மணிக்கட்டை நீட்டியபடியே நின்றேன்.