விசாரணைக்குத் துணை போனவள்

ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்த அவளை எல்லோரும் 'சங்கத்தக்கா' என்றே கூப்பிட்டார்கள். சமூகப் பணியாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அவள் செயலாளர். கேட்டு வாங்கிய பதவி இல்லை. பழைய செயலாளர் மாற்றலாகிப் போனபோது, அடுத்து யார் என்ற கேள்விக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவள் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். சம்பளமில்லாத வேலை. கூட்டம் நடத்த நூலகத்தில் குழந்தைகள் பிரிவைக் கொடுத்திருந்தார்கள். முழங்கால் நெஞ்சில் இடிக்கிற குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்துதான் பெரியவர்கள் வேலைப்பளுவைப் பற்றிப் பேசுவார்கள்.

"ஊர்க் கவலையெல்லாம் உனக்கு, ஒழுகுற குழாய் மட்டும் எனக்கா?" என்பார் லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் கணவர். புலம்பிக்கொண்டே குழாயையும் சரிசெய்துவிடுவார்.

துறை விசாரணைக்கு அழைக்கப்பட்ட உறுப்பினருக்குத் துணையாகப் போவதும் செயலாளர் வேலைதான். அந்த வருஷம் சின்னவளுக்கு அழைப்பு வந்தது. கிளையிலேயே இளையவள் என்பதால் அந்தப் பேர். குழந்தைகள் நலப் பிரிவில் இருந்தாள். அவள் பொறுப்பிலிருந்த ஒரு வீட்டில் பையனுக்குக் கை உடைந்துவிட்டது. அவன் அம்மாவோடு இருந்த ஆள் அடித்திருந்தான். அந்த மாதம் சின்னவள் அங்கே போகவில்லை. விடுப்பில் போன இரண்டு பணியாளர்கள் பார்த்துவந்த வீடுகளும் அவள் தலையிலேயே விழுந்திருந்தன.

விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பரிதாபம் வேற, பொறுப்பு வேற மேடம். இவங்க அந்த வீட்டுக்குப் போனாங்களா, இல்லையா?"

"மூணு பேரு வேலைய ஒருத்தி தலையில கட்டுனது யாரு சார்?"

"அது இந்த விசாரணையில வராது."

"நான் போகல சார். போயிருக்கணும்," என்றாள் சின்னவள்.

மேசைக்கடியில் அக்கா அவள் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

சின்னவளுக்கு வேலை போயிற்று. அக்கா கண்டனக் கூட்டம் கூட்டினாள். வருகிறேன் என்றவர்களில் ஒருத்திக்குத் தலைவலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. பொருளாளர் மட்டும் வந்தார். சிறையில் நலப்பணி பார்த்து ஓய்வு பெற்றவர்.

"கோவிச்சுக்காதம்மா. நாளைக்கு நமக்கும் இதே கதிதானோன்னு பயப்படுறாங்க."

"அதுக்குத்தானே சார் சங்கம்?"

அவர் எழுந்தார். இருவருமாக நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு வெளியே வந்தார்கள்.

தலைமைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவள் ஒரு தீர்மானத்தோடு போனாள். ஒரு பணியாளர் இத்தனை குடும்பங்களைத்தான் பார்க்கலாம் என்று வரம்பு கேட்கும் தீர்மானம். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அதை எடுத்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும், தீர்மானம் எம்மாத்திரம்? அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள். ஆள் குறைந்த கிளைகளைப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடும் தீர்மானம் மட்டும் கைதட்டலோடு நிறைவேறியது. அதில் அவளுடைய கிளையும் அடக்கம்.

சேதி சொல்லச் சின்னவளைத் தேடிப் போனாள். அவள் இப்போது துணிக்கடையில் இருந்தாள். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கிளைய மூடிட்டாங்கம்மா. ஆனா நீ மேல்முறையீடு பண்ணலாம். நான் கூட வரேன்."

"வேணாங்க்கா. திரும்பவும் அந்த ரூம்ல என்னால உக்கார முடியாது." இன்னொரு சட்டையை எடுத்து மடித்தபடி கேட்டாள்: "அந்தப் பையன் எங்கக்கா இருக்கான்?"

கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அக்கா அவனைப் பார்த்திருந்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். வாய் வரவில்லை.

"அதே வீட்லதான்மா."

"இப்ப யாரு போய்ப் பாக்குறாங்க?"

"உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடல."

சின்னவளின் கை நின்றது. அதற்குள் யாரோ இதே சட்டை நீலத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். "இருக்கு, வாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நடந்தாள். அவள் திரும்பி வருவாள் என்று அக்கா வெகுநேரம் நின்று பார்த்தாள். கடையில் கூட்டம் ஏறிக்கொண்டே போனது.