உக்குவளைத் தனுஷாவும் ஊமைப் பொத்தான்களும்

தன் கைவினையைத் தானே முதலில் ஐயுறுதல் அரிய குணம். உலகைப் பழித்தல் எளிது. தான் செய்ததைத் தானே சோதித்தல் கடினம். அக்குணம் வாய்த்தவள் உக்குவளை என்னும் ஊரினளான தனுஷா. இணையப் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பது அவள் தொழில். ஓரிடத்தில் நிலைகொள்ளாள், எழுதும்போதே எழுந்து நடப்பாள், தேநீரைப் பாதியில் மறப்பாள்.

பெருமழையில் ரிவர்ஸ்டன் மலைச்சாரல் சரிந்தபோது, ஊர் நிவாரணக் குழுவுக்காக அவள் ஒரு பக்கம் அமைத்தாள். வீடு விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெயர்கள் அதில் சிவப்பாய் நிற்கும். பாதுகாப்பான இடம் சேர்ந்தவர் தம் பெயரருகே உள்ள பொத்தானைக் கைப்பேசியில் அழுத்தினால் அது பச்சையாகும். காலையில் தனுஷா எழுதிய பெயர்கள் பச்சையாயின. பின்னர்க் குழுவினர் சேர்த்தவை சிவப்பாகவே நின்றன. அவற்றுள் மலைமேல் குடியிருந்த சிவஞானத்தின் குடும்பமும் ஒன்று.

அவர்களைத் தேடிச் செல்ல அவள் கணவன் விஜேந்திரன் ஜீப்பில் ஏறினான். ஓட்டுபவன் நண்பன் ஹுஸ்னி. பாதையோ இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

தனுஷா ஓடிவந்து ஜீப்பின் கதவைப் பற்றினாள். “கொஞ்சம் பொறுங்க. பொறகு சேத்த பேர் ஒன்னுகூட மாறல. ஒருத்தர்கூடவா அமுக்காம இருப்பாங்க? என் வேலையிலதான் ஏதோ கோளாறு.”

“அங்க உசுரு போகுது, நீ பொத்தானப் பத்திப் பேசுற!” என்று சீறினான் விஜேந்திரன்.

“சீக்கிரம் பாருங்க தங்கச்சி,” என்றான் ஹுஸ்னி. “நாங்க ஏறப் போறதுக்குள்ள மலையே எறங்கி வந்துரும் போல.”

உள்ளே ஓடினாள். பட்டியலில் கணவன் பெயரையே சேர்த்து அழுத்தினாள். அசைவில்லை.

அழுத்தினால் இன்னது நிகழ்க என்று, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கட்டளை பிணைக்கப் பல வழிகள் உண்டு. பொத்தானை எழுதும் வரியிலேயே கட்டளையையும் எழுதலாம். ஒவ்வொரு பொத்தானையும் தேடித் தனித்தனியே பிணைக்கலாம். அவள் செய்தது இரண்டாவது. பக்கம் திறந்த கணத்தில் இருந்த பொத்தான்களே கட்டளை பெற்றன. குழு சேர்த்த பெயர்களோ ஒவ்வொரு முறையும் பக்கம் திறந்த பின்னரே வந்து சேர்ந்தன; அவற்றின் பொத்தான்கள் ஊமையாய் நின்றன.

வாசலில் ஹாரன் அலறியது. தனிப் பிணைப்புகளை அழித்தாள். பட்டியலைத் தாங்கும் பெட்டிக்கே ஒரே கட்டளையைப் பிணைத்தாள். உள்ளே எப்பொத்தான் அழுத்தப்பட்டாலும் அச்செய்தி மேலேறிப் பெட்டியை அடையும். எவர் பெயர் என்பதைப் பெட்டி அறிந்துகொள்ளும். இனிச் சேரும் பெயர்களுக்கும் அதுவே போதும்.

திருத்தத்தை இணையத்தில் ஏற்றி முடித்தும் அமர முடியவில்லை. முகாம்களில் இருந்தோர் செய்தி அறியப் பக்கத்தை மீண்டும் மீண்டும் திறப்பர் என்பதே நம்பிக்கை. திரைக்கும் வாசலுக்குமாய் அலைந்தாள். ஜீப் நகரத் தொடங்கியது.

அப்போது ஒரு பெயர் பச்சையானது. அடுத்து ஒன்று. பிறகு சிவஞானம்.

“நிப்பாட்டுங்க! எறங்கிட்டாங்க, எறங்கிட்டாங்க!” என்று மழையில் கத்திக்கொண்டே ஜீப்பின் முன் பாய்ந்தாள்.

விஜேந்திரன் இறங்கினான். மனைவியின் நனைந்த தலைமேல் தன் தொப்பியை வைத்தான்.

அவ்வீட்டின் கூரையை மழை வருத்தாதிருக்க. அடுப்பில் என்றும் சோறு பொங்குக. புறப்படுவோர் எல்லாரும் அவ்வாசலுக்கே நலமுடன் மீளத் திருவருள் துணை நிற்க.