தெர்மகோல் சுவர்

எங்கள் நைனா அரசு பஸ்ஸில் கண்டக்டர். புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே வாரம் முழுக்க, "உள்ள போங்க, லோபலிக்கி ஜரகண்டி, எடம் கீது" என்று தமிழும் தெலுங்குமாக இரண்டு பாஷையில் கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் அதே தொண்டையை வைத்துக்கொண்டு சபையில் வேதம் விளக்குவார். கரண்ட் போனால் மற்ற சபைகள் மைக் இல்லாமல் திண்டாடும், எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. எபேசியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் அதை அவர் ஆரம்பித்தாலே அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். சாப்பாட்டுக்கு இப்போதைக்கு அவசரமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், பிள்ளைகளுக்கான வேதாகம வகுப்பின் நிறைவு விழாவுக்கு எருசலேம் தேவாலயத்தை மாதிரியாகச் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. டிவி கடைக்காரரிடம் கெஞ்சி தெர்மகோல் அட்டைகள் வாங்கி வந்தோம். நைனா தரையில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே கதை சொன்னார்.

வெளிமுற்றத்தில் எந்த ஜாதிக்காரனும் வந்து நிற்கலாமாம். அதற்குமேல் ஒரு சுவர். அது யூதர்களுக்கு மட்டும். அந்நியன் யாராவது தாண்டினால் தன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார்களாம். எபேசு ஊர்க்காரன் ஒருவனை, இந்த நிருபத்தை எழுதின பவுல் அப்போஸ்தலர் அந்தச் சுவருக்கு உள்ளே கூட்டிப் போய்விட்டார் என்று ஒரு புரளி கிளம்பி, ஜனம் திரண்டு அவரை இழுத்துப் போட்டு அடித்து, கடைசியில் அவர் சிறைக்குப் போனார். அங்கிருந்து அதே எபேசு சபைக்குக் கடிதம் எழுதுகிறார். தங்கள் ஊர்க்காரன் பேரைச் சொல்லி நடந்த ரகளை அவர்கள் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? அவர்களுக்குப் போய் எழுதுகிறார், நடுச்சுவர் இடிந்துபோயிற்று, இரண்டு ஜனமும் இனிமேல் ஒரே ஜனம் என்று. யூதர் யூதராகவே வரலாம், மற்றவர் மற்றவராகவே வரலாம், ஒருவர் இன்னொருவராக மாறிவிட்டு வரத் தேவையில்லை என்று.

இந்த இடத்தில் நைனா குரலைத் தாழ்த்துவார். பஸ்ஸில் ஒருநாளும் தாழாத குரல் அது.

"சொவுரு அப்ப நின்னுக்கினு கீதும்மா. அவரு எழுதும்போது அது நின்னுக்கினுதான் கீது. அதாலதான் அந்த மனுசன் கைல சங்கிலி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். எத்தனை தடவை கேட்டாலும் சிலிர்க்கும். நிற்கிற சுவரைப் பார்த்து, விழுந்துவிட்டாய் என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சுத் துணிச்சல் வேண்டும்!

அந்த வெளிமுற்றத்தைக் காட்டி, "நம்ம நிக்கிற எடம் இதான்" என்பார் நைனா. ஒருகாலத்தில் ஊர்க்கிணற்றில் தண்ணீர் சேந்த முடியாமல் நின்ற குடும்பம் எங்களுடையது. எங்கள் பாட்டனார் காலத்தில் சபைக்குள் வந்தோம். ஆகவே அந்த அதிகாரம் தபால்காரர் எங்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்த கடிதம் மாதிரிதான் நைனாவுக்கு.

இந்த இடத்தில் என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரியில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். அங்கே தறி ரிப்பேர் பார்க்கப் போன எங்கள் சித்தப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டார் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது கட்டின புடவையும் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தியும்தான். எங்களோடு சபைக்கு வந்து வந்து, யாரும் வற்புறுத்தாமலே அவளுக்கு விசுவாசம் பிறந்துவிட்டது. ஜெபத்தில் அவள் அழுகிற அழுகையைப் பார்த்தால் பரம்பரை விசுவாசிகளான எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஆனால் எங்கள் சபையில் நகை கூடாது. வெள்ளைத் துணி, வெறும் காது, வெறும் கழுத்து. யார் ஆரம்பித்த வழக்கம் என்று ஒருவருக்கும் தெரியாது, கடவுளே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி கடைப்பிடித்தோம். மூக்குத்தியைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம். ஞானஸ்நானம் ஆனால்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும். அதுவரைக்கும் கதவோரம் போட்டிருக்கிற நீலப் பிளாஸ்டிக் பாயில்தான் உட்காரவேண்டும். அதைச் சின்னம்மாவிடம் எடுத்துச் சொன்னதும் எங்கள் நைனாதான். பதமாகத்தான் சொன்னார்.

"ஏசப்பா கேட்டா மூக்கயே அறுத்துக் குடுத்துடுவேன் மாமா," என்றாள் அவள். "ஆனா இத யாரு கேக்கறாங்கன்னு தெரிலயே. எங்க வூட்ல வாசப்படி ஏறாதன்னுட்டாங்க. இங்க வாசப்படி ஏத்தினு, பாய் தாண்டாதன்றீங்க."

நைனா, எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று பொதுவாக ஏதோ சொல்லி வைத்தார்.

இப்போது தேவாலயத்துக்கு வருகிறேன். மனுஷர்களுக்கு என்ன செய்வது என்று முழித்தபோது, சித்தப்பா தறிக்கூடத்திலிருந்து நூல் தீர்ந்த காகிதக் கோன்களைப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். கவிழ்த்து வைத்தால் அசல் ஆள் நிற்கிற மாதிரியே இருக்கும். சின்னம்மாதான் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக் கொடுத்தாள். பாஸ்டர், சபை மூப்பர், நைனா, அம்மா என்று எல்லாருக்கும் வெள்ளை. அவளுக்கு மட்டும் தன் புடவையிலிருந்தே ஒரு துண்டு கிழித்துச் சுற்றி, மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் மினுங்குகிற ஒரு சம்கியை ஒட்டினாள். நான் வெள்ளைக்காரர்களையெல்லாம் சுவருக்கு உள்ளே அடுக்கினேன். வெள்ளைக்காரர்கள் என்றால் எங்கள் சபையாரைச் சொல்கிறேன். எனக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லைதான், ஆனாலும் அம்மா பக்கத்தில் உட்காரும் சலுகை உண்டென்பதால் என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டேன். சின்னம்மாவின் கோனைத் தனியாக வெளிமுற்றத்தில் வைத்தேன்.

"எனக்கு நல்ல எடம்தான் குடுத்துக்கிற," என்று சிரித்தாள் அவள். "காத்து வரும்."

சனிக்கிழமை சாயங்காலம் நைனா டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து பார்த்தார். திட்டம் என்னவென்றால், விழாவன்று அவர் கதை சொல்லிக்கொண்டு வருவார், எங்கள் கோன்கள் எல்லாம் வெளியே நிற்கும், அவர் சைகை காட்டினதும் நான் ஒற்றை விரலால் சுவரைத் தள்ளிவிடவேண்டும். நான் இப்படி மாற்றி அடுக்கியிருந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை.

"நம்ம எல்லாம் ஏம்மா உள்ள கீறோம்?"

"நீங்கதான நைனா அப்பம் துன்றீங்க?"

"சின்னம்மா?"

"அவங்களுக்குத்தான் தரமாட்டாங்களே."

நைனா குனிந்து சுவரைப் பார்த்தார். அதில் அறிவிப்பு எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்திருந்தார், உனக்குத் தெரிந்த மாதிரி எழுது என்று. சாவைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததைத்தான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் அழகாக எழுதி வைத்திருந்தேன்: 'மூக்குத்தி போட்டவர்கள் இதற்கு மேல் வரக்கூடாது.'

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளில் தொங்கின தோல்பையைக்கூடக் கழற்றவில்லை. எங்கேயோ பெரிய தப்புப் பண்ணிவிட்டோம் என்று ஸ்கெட்ச் பேனாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று அம்மா முணுமுணுத்தாள்.

மறுநாள் திருவிருந்து. அப்பத்தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோகிறவர் நைனாதான். கூட்டத்தில் புகுந்து டிக்கெட் கொடுத்துப் பழகின கை, ஒருவர் மேலும் இடிக்காமல் போய் வருவார். அன்றைக்கும் கடைசி வரிசை வரைக்கும் கொடுத்தார். நீலப் பாய்க்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பிப் போய்த் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பில்லாத காலோடு அத்தனை பேருக்கு நடுவில் நடந்து வந்து, பாயில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் நின்றார். புருஷனுக்கு அண்ணன் எதிரில் வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அவளும் பதறி எழப் பார்த்தாள்.

"ஒக்காரும்மா. கொஞ்சம் ஜருகு," என்று சொல்லி, அவள் நகர்ந்து விட்ட இடத்தில் உட்கார்ந்தார் நைனா.

பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிரதர், நீங்க இன்னும் எடுத்துக்கலயே," என்றார்.

"இவங்க எடுத்துக்கும்போது நானும் எடுத்துக்கறேன் பாஸ்டர்."

கத்தவில்லை. எபேசியர் நிருபத்துக்கென்றே வைத்திருந்த அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார். சபையில் ஒருவரும் அசையவில்லை, மின்விசிறிகள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை வயதுக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அந்த நிசப்தத்துக்கு ஈடாக ஒன்றையும் நான் கேட்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கண் நிறைந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் நைனா அந்தப் பாயில்தான் உட்கார்ந்தார். நிறைவு விழாவில் அவரைப் பேசக் கூப்பிடவில்லை, தேவாலயம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒரு வாரம் அம்மா எழுந்து பாய்க்குப் போனாள். இன்னொரு வாரம், யாருமே எதிர்பாராமல், நகை விஷயத்தில் எல்லாரையும்விடக் கறாரான மூப்பர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறன்று பாஸ்டர் தண்ணீர்த்தொட்டியில் சின்னம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, அப்பத்தட்டை எடுத்துக்கொண்டு தாமே நீலப் பாய்க்கு வந்தார். அவள் குனிந்து எடுத்தபோது மூக்குத்தி மினுங்கியது. பக்கத்திலேயே நைனாவும் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அந்த முதல் ஞாயிறு மத்தியானம் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணினவர்களைத்தான் கடைசியில் உட்கார வைப்பார்கள். சனிக்கிழமை நான் எழுதினதைப் பார்த்து நைனா முகம் செத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை அவர் அப்பம்கூட இல்லாமல் கடைசியில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கணக்கு சுலபமாகப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"நான் தப்பா எழுதனதுக்குத்தான நைனா உன்ன பின்னாடி ஒக்கார வெச்சிட்டாங்க?"

அவர் என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அவர் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன், பிறகு பார்த்தால் சிரிக்கவில்லை.

"யாரும் ஒக்கார வெக்கலம்மா. நானாதான் போனேன்."

நான் அதை நம்பவேயில்லை. இன்னொருத்தர் இடத்தில் ஒரு மனுஷன் தானாகவே போய் உட்காருவானா, அதுவும் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு? என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்றே முடிவு செய்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய், அவருடைய வெள்ளைக் கோனை உள்ளேயிருந்து எடுத்துச் சின்னம்மாவின் கோனுக்குப் பக்கத்தில் வைத்தேன். சுவரைத் தள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.