தண்ணீரைத் தொடாத நாய்

1971 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வாசல் தெளித்தேன். ஊருணிக்கு இரண்டு நடை போய்க் குடிதண்ணீர் கொண்டுவந்தேன். மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டேன். அரிசி களைந்த தண்ணீரைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினேன். அதன் பிறகு கொல்லைக்குப் போய், வேப்பமரத்தில் கட்டியிருந்த எங்கள் நாயை எட்ட நின்று பார்த்தேன். முந்தின நாள் வைத்த தண்ணீர் சட்டியில் அப்படியே இருந்தது.

எங்கள் நாயை நான் எட்ட நின்று பார்த்தது அந்த வாரம்தான். அருப்புக்கோட்டைக்குப் பருத்தி லோடு ஏற்றிப்போன வண்டியில், திரும்பும்போது வைக்கோலுக்குள் படுத்து வந்த குட்டி அது. என் கணவர் டவுனிலிருந்து வரும் கடைசி பஸ்ஸின் ஹாரன் சத்தம் அதற்குத் தெரியும். மற்ற பஸ்களுக்குக் காதைக்கூட அசைக்காது. பருத்தி எடுக்கும் நாட்களில் புஞ்சையில் என் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். குடை பிடித்து வருகிறவர்களை மட்டும் அதற்கு ஆகாது. வெயிலுக்குக் குடை பிடித்து வந்த தபால்காரர், எங்கள் தெருமுனையில் குடையை மடக்கிக்கொண்டுதான் நடப்பார்.

அந்த வார வியாழக்கிழமை தெரியாத நாய் ஒன்று ஊருக்குள் வந்து எங்கள் நாயின் காதைக் கடித்துவிட்டது. அது வெறிநாய் என்றார்கள் சிலர். வெறும் சொறிநாய் என்றார்கள் சிலர். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் நாயைக் கட்டிப்போட்டோம். மாடு வாய் வைக்கும் கழுநீர்த் தொட்டியில் அது வாய் வைத்துவிடக் கூடாது என்பதால், தொட்டிக்கு எட்டாத மரத்தில் கட்டினோம்.

கட்டிய நாளிலிருந்து அது தண்ணீரைத் தொடவில்லை. சட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சோற்றையும் ஒதுக்கியது. நாக்கு தொங்க, வாயோரம் கெட்டியாக எச்சில் வடிந்தது. குரைப்பும் கம்மிவிட்டது. அது என்னைப் பார்த்து வாலாட்டினால்கூட, ஏன் இத்தனை வேகமாக ஆட்டுகிறது என்று யோசித்தேன்.

பக்கத்து வீட்டு மதினி, என் கணவருக்கு அக்கா முறை. அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார்.

“எலே தம்பி, தண்ணியக் கண்டா மூஞ்சத் திருப்புதே, இன்னும் என்னலே ரோசன? எங்கன்னுக்குட்டியக் கடிச்சு வச்சா நீயா பால் குடுப்ப?”

“பாப்பம்க்கா.”

“பாத்துக்கிட்டே இரு. அது ஒந்தொடையப் பாத்துக்கிட்டு இருக்கு. எங்கொழுந்தன் நாளைக்கு விடிய உலக்கக் கம்போட வாராக, சொல்லிட்டேன்.”

என் கணவர் மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நானும் மறுக்கவில்லை. வீட்டில் மாடு இருந்தது, நாங்கள் இருந்தோம்.

சாயங்காலம் மறுபடி ஊருணிக்குப் போய்த் திரும்பினேன். கொல்லை வழியாக வரும்போது குடம் தளும்பி என் காலில் வழிந்தது. நாய் கயிறு இறுகப் பாய்ந்தது. நான் அலறிக்கொண்டு பின்வாங்கினேன். அது என்னிடம் வரவில்லை. நான் நின்ற இடத்தில் நனைந்திருந்த மண்ணை நக்கியது. மண்ணோடு சேர்த்து நக்கியது.

என் கணவர் ஓடிவந்தார். நான் சட்டியைக் கம்பால் இழுத்து, அதில் கிடந்ததைக் கொட்டிவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றித் தள்ளினேன். நாய் தலையைத் தூக்காமல் குடித்தது. இன்னும் ஊற்றினேன். அதையும் குடித்தது.

“இம்புட்டு நாளும் எந்தத் தண்ணி வச்ச?” என்றார்.

“கெணத்துத் தண்ணிதான். நாய்க்கு யாரு ஊருணித் தண்ணி வப்பாக?”

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஊருணித் தண்ணீர் மனிதர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் உப்புக்கிணறு. கோடையில் அந்தக் கிணறு கடுத்துப்போய், வாய் கொப்பளித்தாலே நாக்கு மரத்துவிடும். எங்கள் நாய் குட்டியிலிருந்து குடித்தது கழுநீர். அது ஊருணித் தண்ணீரில் அரிசி களைந்த தண்ணீர். சந்தேகப்பட்டுத் தொட்டியை விட்டுத் தள்ளிக் கட்டினோம். அது உப்புத் தண்ணீரை மறுத்ததையே சந்தேகத்துக்குச் சாட்சியாக்கிக்கொண்டோம்.

மதினி இதை ஒப்பவில்லை. “ஏத்தா, இன்னைக்குக் குடிக்கும், நாளைக்குக் கொதறும். எனக்குத் தெரியாதா?” என்றார். மதினியின் கொழுந்தனை வர வேண்டாம் என்று என் கணவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆனாலும் நாயை அவிழ்க்கலாம் என்று அவரும் சொல்லவில்லை.

அந்த நாய் அதற்குப் பிறகும் பல கோடைகள் எங்களோடு இருந்து, மூப்பில்தான் செத்தது. அது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில், வாசல் தெளிப்பதற்கும் முன்னால், ஒரு செம்பு ஊருணித் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி நாயின் முன்னால் தள்ளிவிட்டு, கையில் கம்போடு நின்று பார்த்தேன்.