சிங்காநல்லூரில் செய்த பீரங்கிச் சக்கரம்

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. டாங்கிப் படைக்கு ஆள் தேர்வு செய்யும் பிரிவில் எனக்கு வேலை. எழுத்துத் தேர்வில் முதலாக வந்தவர்கள் பயிற்சித் திடலில் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பீரங்கி சுடும் கன்னர் செய்கிற வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்போமே என்று நானே ஓர் எந்திரம் வரைந்து, சிங்காநல்லூர்ப் பட்டறை ஒன்றில் செய்யக் கொடுத்திருந்தேன். அதை வாங்கத்தான் இந்தப் பயணம்.

துணைக்கு வந்தவர் எங்கள் லாரி ஓட்டுநர் சென்னியப்பன், காங்கேயத்துக்காரர். கன்னராகும் ஆசையில் எழுத்துத் தேர்வில் இரண்டு முறை தவறியவர். இந்த எந்திரம்தான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

காலை ஆறரைக்குக் கோவை நிலையம். அங்கிருந்து ஐந்தரை மைல், பேருந்தில் ஆளுக்குப் பதினைந்து பைசா. எட்டு மணிக்குப் பட்டறையில் இருந்தோம்.

இரண்டு கைச்சக்கரங்களைச் சுற்றி, நகரும் புள்ளியை முள்ளால் தொடர வேண்டும். பட்டறைக்காரர் வெங்கிடுசாமி தொடர்ந்தார். டீ கொண்டுவந்தவர் தொடர்ந்தார். சைக்கிளையே நேராக ஓட்டத் தெரியாத நானும் தொடர்ந்தேன். எல்லாரும் தேறினால் அது என்ன தேர்வு?

“டாங்கியில் பீரங்கியைத் திருப்பும் கைச்சக்கரத்தில் ஆட்டம் இருக்கும். இதில் இல்லையே!” என்றேன்.

“ஏனுங்க, லொடலொடன்னு செஞ்சு குடுத்தா எங்க பட்டறை பேரு என்னாகோணுமுங்க?”

சென்னியப்பன் மெல்லக் கேட்டார்: “அண்ணா, புதுசா வர்ற டர்னருக்கு எந்த லேத்துல வேலை குடுத்துப் பார்ப்பீங்க?”

“ஆட்டங்கண்ட அந்தப் பழசுலதானுங்க. புதுசுல எவன் வேணாலும் கடைஞ்சுபோடுவான்...” என்றவர் பாதியில் நிறுத்தி, விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினொன்றரைக்குள் அவரே தேய்த்துத் தளர்த்தி, சக்கரங்களில் கால் சுற்று ஆட்டம் வரவைத்துவிட்டார். இப்போது எங்கள் யாருக்கும் முள் புள்ளியில் நிற்கவில்லை. தேய்ந்த ஸ்டியரிங்கோடு எட்டு வருடம் மல்லுக்கட்டிய சென்னியப்பன் உட்கார்ந்தார். முள் புள்ளியை விடவேயில்லை. எனக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போலிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க சார். எங்க பேரை மட்டும் அதுல போட்டுறாதீங்க” என்று எந்திரத்தில் பதித்திருந்த பட்டறையின் பெயர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டார் வெங்கிடுசாமி.

பட்டறை தேடிக் கோவை போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காலையிலேயே போங்கள். எவ்வளவு நன்றாக வேண்டும் என்று சொல்லாதீர்கள், அது அவர்களுக்கே தெரியும். எவ்வளவு மோசமாக வேண்டும் என்பதைத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, திடலில் சென்னியப்பனின் முதல் குண்டே இலக்கைப் பிளந்தது. அன்றே வெங்கிடுசாமிக்குக் கடிதம் போட்டேன். பதிலாக ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே அந்தப் பெயர்த் தகடும் நான்கு திருகாணிகளும் இருந்தன.