எச்சம் விழுந்த திட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். சுசீந்திரம் பக்கம் ஒரு குளத்துக்கு நடுவில் கிடக்கும் மண்திட்டில் நின்ற கருவேல மரங்களையும் நான்தான் வளர்த்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வனத்துறையில் தினக்கூலி. வள்ளத்தில் போய்க் குழி எடுத்து, கன்று வைத்து, கோடையில் குடத்தால் வெள்ளம் கோரி ஊற்றினேன். இப்போது அந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1. உரம்

மரம் தலைக்கு மேல் வளர்ந்ததும் நீர்க்காகமும் கொக்கும் கூடு கட்ட வந்தன. வருஷத்துக்கு வருஷம் கூட்டம் கூடியது. இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. எங்களுக்குச் சந்தோஷம்தான். நாங்கள் வயல்காரர்கள், எச்சம் என்றால் எங்களுக்கு உரம். மேஸ்திரி தாணு அண்ணனும் வயல்காரர்தான்.

"கூட்டுக்கு நேர் கீழ வையுங்கட்டி கன்ன. சும்மா கெடைக்க உரத்த எவளாவது விடுவாளா?" என்றார்.

வைத்தோம். ஒன்றும் பிழைக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் வெந்து கிடந்தது. வயலில் அதைப் பரத்திப் போடுவோம். இங்கே ஒரே இடத்தில் நாள் முழுக்க விழுகிறது.

2. படக்கம்

அடுத்த வருஷம் பெரிய மரங்களே நுனியிலிருந்து காய ஆரம்பித்தன. கூட்டுக்கென்று பச்சைக் குச்சியை ஒடித்ததும் பறவைகள்தான். தாணு அண்ணன் கொளுத்திப் போட ஒரு கட்டுப் படக்கத்தோடு வந்தார்.

"பச்சிய வெரட்டினாத்தான் உனக்க மரம் நிக்கும்."

சம்மதித்துத்தான் நானும் வள்ளத்தில் ஏறினேன். ஒரு படக்கம் வெடித்தது. வானம் முழுக்கப் பறவை. கூடுகள் காவல் இல்லாமல் கிடந்தன. உடனே காக்கைகள் இறங்கி முட்டைகளைக் கொத்தின. தாய்ப்பறவைகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின, இறங்கப் பயம்.

"போதும் அண்ணா."

"ஏட்டி, பிராந்தா உனக்கு? மரம் போயிருமே."

"போனா போட்டு."

"பின்ன எனக்க முன்னால வந்து அழப்பிடாது."

"அழத்தான் செய்வேன். நீரு படக்கத்தத் தூக்கி வெள்ளத்துல போடும்."

போட்டார்.

3. அடுத்த திட்டு

அதன்பிறகு, கூடு இல்லாத வேறொரு திட்டில் கன்று வைத்தோம். அவை வளர்வதற்குள் பழைய திட்டு மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பட்டன. பட்ட மரத்திலும் கிளை தாங்கும் வரை பறவைகள் குஞ்சு பொரித்தன. கடைசி மரம் சாய்ந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூடுகள் இப்போது புதுத் திட்டில். பழையதில் சில மழைக்காலம் வெறும் தரைதான். எச்சத்தின் காரம் மழையில் கழுவிப் போன பிறகு புல் வந்தது, ஆமணக்கு வந்தது, வேம்பும் தலைகாட்டுகிறது. யாரும் வைத்ததல்ல.

நான் படித்தது இவ்வளவுதான். பறவை ஒரு திட்டில் இருக்கும்போதே இன்னொரு திட்டில் மரம் வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். இன்றைக்குப் பச்சையாய் நிற்பதும் ஒரு நாள் படும். அடுத்ததை இப்போதே வையுங்கள்.

மகளுக்க பிள்ளை பக்கத்தில் இருக்கிறாள். மக்கா, இத ஒருக்கா வாசி, கேக்கட்டு. எழுத்து தப்புன்னா திருத்திக்க. மரம் பட்ட எடத்த மட்டும் ஓட்டமா வாசிச்சுத் தள்ளாத.